பெயர் எழுதாத பை

கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் செண்பகவல்லி ஜன்னலைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது, பார்க்கவே கூடாது என்று விடிந்ததிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தவள்தான், கண் கேட்கிறதா, பார்த்தாள், அது அங்கேயேதான் இருந்தது, தெருமுனை மின்கம்பத்தடியில், காக்கைகளுக்குப் பயந்து போட்ட நீல வலைக்குள், நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரோடு, வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் அசையாமல். இந்த ஜப்பான் ஊரின் குப்பை வண்டிக்காரர்கள் தப்பாகப் பிரித்த பையை எடுக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள், எரிக்கிற குப்பையோடு பிளாஸ்டிக்கும் தகர டப்பாவும் கலந்து கிடந்தால் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள், போட்டவர் வந்து தலையைக் குனிந்துகொண்டு எடுத்துப்போய், பிரித்து, அடுத்த முறை ஒழுங்காகப் போட வேண்டும், அது இங்கே வழக்கம். போட்டவர் வரவில்லை. இதற்கு முன்னால் பதினொரு பைகளுக்கும் போட்டவர் வரவில்லை, பதினொரு முறையும் செண்பகவல்லிதான் போய் எடுத்து வந்தாள், எடுத்து வருகிறவள்தானே போட்டவள் என்று தெரு முழுக்க முடிவு கட்டிக்கொள்ள அவளே வசதி பண்ணிக் கொடுத்தாள். பன்னிரண்டாவதை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் உடனே சொல்லத் தெரியாது, வெள்ளிக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி வரைக்கும் போனாள், படியில் கால் நின்றுவிட்டது, அந்தக் காலுக்கு நியாயம் தேடி மனசு நான்கு நாளாக அலைகிறது. "இன்னைக்காவது எடுத்துட்டு வந்துரு செம்பா, ஊரே பாக்குது, எடுத்தா தீந்துச்சு, நம்ம கை என்ன தேஞ்சா போயிரும்" என்று ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடும்போது புருஷன் இசக்கிராஜ் சொன்னான். நறுமுகை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, இரண்டாம் வகுப்புக்காரிக்கு உரிய நிதானத்தோடு, "அம்மா, ஹருகா சொன்னா, அது நரு-சான் வீட்டுப் பைன்னு. நம்மளதாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னாள் செண்பகவல்லி. "அப்ப ஏம்மா நாம எப்பவும் எடுத்தோம்?" பிள்ளைகள் கூட்டமாகப் பள்ளிக்கு நடக்கும் இந்த ஊரில், அந்தக் கூட்டம் சேருகிற இடம் அதே மின்கம்பத்தடி, இன்று காலை அவள் மகள் மட்டும் மூக்கை மூடாமல், பைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏழே முக்காலிலிருந்து ஐந்து நிமிஷம் நட்ட கம்பாக நின்றதை இதே ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள்.

வீடு போய்விடும், அதுதான் விஷயம், சுற்றி வளைக்க என்ன இருக்கிறது. டிசம்பரில் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் தெருச் சங்கத்தின் பேச்சை மீறாத நல்ல மனிதர், சங்கமோ வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூடுகிறது. சனிக்கிழமை அந்தச் சுற்றறிக்கை அட்டை வந்தது, வீடு வீடாகப் போகிற அட்டை, படித்துவிட்டுச் சின்னக் கட்டத்துக்குள் குடும்ப முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டு வாசலில் மாட்ட வேண்டும். வெளிநாட்டவர் வசிக்கும் வீடுகளிலிருந்து விதிமீறிய குப்பை தொடர்ந்து வருவதைப் பற்றி, ஞாயிறன்று பேசி வீட்டு உரிமையாளருக்குத் தெரிவிப்பது என்று, பையின் போட்டோவோடு, தெருத் தலைவர் மிசுகுச்சியின் அழகான கையெழுத்தில். இந்தத் தெருவில் வெளிநாட்டவர் வீடு ஒன்றே ஒன்றுதான், பன்மையில் போட்டது மரியாதைக்காக இருக்கும். இசக்கிராஜ் படித்தான், மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டி இன்னொரு முறை படித்தான், பிறகு மேஜை டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, கட்டத்துக்குள் கோணாமல் குத்தினான். தன்மேல் விழுந்த பழியைத் தானே படித்துத் திருப்தி அடைந்தேன் என்று முத்திரை குத்தி, தானே கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் மாட்டுகிற பிழைப்பு. அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, விசா அவன் பெயரில், பயமும் அவன் பெயரில். ஆனால் அந்த முத்திரை விழுந்த சத்தம், டப் என்று ஒரு சின்னச் சத்தம்தான், அது அவள் காதை விட்டு இன்னும் இறங்கவில்லை, தட்டுக் கழுவும்போதும் கேட்கிறது, குழாயை மூடினாலும் கேட்கிறது.

எல்லாம் ஒரு சிரட்டையால் வந்தது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த புதிதில், ஆசைப்பட்டு வாங்கிய தேங்காயைத் துருவிவிட்டுச் சிரட்டையை எந்தப் பையில் போடுவது என்று தெரியாமல் ஏதோ ஒரு பையில் போட்டாள், உடைத்த சில்லு பையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது, ஒட்டிவிட்டார்கள் ஸ்டிக்கர். அந்த ஒன்று அவளுடையது, சத்தியமாக அவளுடையது, அதில் பேச்சில்லை. பேசாமல் எடுத்து வந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும், இந்த ஊரில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இவர்கள் கோவில்பட்டிக்காரர்கள் இல்லையா, மரியாதை என்று வந்துவிட்டால் அளவு தெரியாது. அம்மா பார்சலில் அனுப்பிய கடலைமிட்டாயை ஏழு பொட்டலமாகக் கட்டி, பட்டுப் புடவை உடுத்தி, புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையுமாக ஏழு வீட்டுக் கதவையும் தட்டி, சிவப்பு ஸ்டிக்கர் போட்ட பை எங்களுடையதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இடுப்பு வளைத்து வணங்கிவிட்டு வந்தார்கள். ஏழு வீட்டுக்காரர்களும் பதறிப்போய்த் திருப்பி வணங்கினார்கள், ஏழு வீட்டிலும் அன்றைக்கே பதிந்துபோயிற்று, சிவப்பு ஸ்டிக்கர் என்றால் அந்த மாடி வீடு. கடலைமிட்டாய் கொடுத்துத் தலையில் கட்டிக்கொண்ட பழி. கதவைத் திறந்தவர்களில் மிசுகுச்சியின் மனைவி ஒருத்திதான் அங்கேயே பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டு, பல்லைப் பிடித்துக்கொண்டு, கல் மாதிரி இருக்கிறது, ருசியான கல் என்று சிரித்தாள். அந்த அம்மாள் இந்த ஜனவரியில் செத்துப்போனாள். பைகள் மார்ச்சில் ஆரம்பித்தன.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க முதலில் அவளுக்குத் தோன்றவில்லை. மூன்றாவது பையில்தான் தெரிந்தது, குளியலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கையுறை மாட்டி, யாரோ தின்றுபோட்ட ஒற்றை ஆள் சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தபோது, மருந்துக்கடையின் வெள்ளை உறை ஒன்று கைக்கு வந்தது, அதில் அச்சடித்த பெயர், இரண்டே எழுத்து, எழுத்துக்கு ஒரு சொல். தண்ணீர், வாய். நறுமுகையின் ஒன்றாம் வகுப்பு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிய எழுத்துகள், மகளோடு உட்கார்ந்து அவளும் எழுதிப் பழகியவை, மிசுகுச்சி வீட்டு வாசல் பலகையிலும் அதே இரண்டு எழுத்துதான். விதிகளை எல்லாருக்கும் எடுத்துச் சொல்கிற மனிதர், முப்பது வருஷம் ஏதோ அலுவலகத்தில் விதிகளையே எழுதியவராம், தன் வீட்டுக் குப்பையை ஒரு நாளும் பிரித்ததில்லை, அதைச் செய்த கை போய்விட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அதுதான் இதில் பெரிய கூத்து. விடியும் முன்னே பையை வைத்துவிட்டுப் போகிறார், எட்டரைக்கு வந்து பார்த்தால் ஒரே மாதிரிப் பைகளில் ஒன்று ஸ்டிக்கரோடு நிற்கிறது, தன்னுடையது தப்பாக இருக்கும் என்று அவருக்குக் கனவில்கூடத் தோன்றாது, மாடி வீடு என்று மனசு தானாகப் போகிறது, மாடி வீட்டுக்காரியும் வந்து எடுத்துக்கொள்கிறாள், சந்தேகத்துக்கு இடம் ஏது. அந்த மூன்றாவது பையில் ஒரு சீப்பும் இருந்தது, பற்களில் நரைமுடி சுற்றிய சீப்பு, பாதி தீர்ந்த முகக் கிரீம் ஒன்றும். செண்பகவல்லி குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். பாவம் என்று நினைத்தாள், மனுஷன் தனியாகக் கிடந்து சீரழிகிறார், நாலு டப்பாவைக் கழுவிப்போட்டால் குறைந்தா போய்விடுவோம் என்று நினைத்தாள். உறையில் இருந்த பெயரைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டித்தான் பிறகு குப்பையில் போட்டாள், அவர் மானம் போகக் கூடாது என்று. அடுத்த பைக்கும் அப்படி, அதற்கடுத்த பைக்கும். அவர் மானத்தை இவள் குளியலறையில் வெட்டி வெட்டிக் காப்பாற்றினாள், அவர் இவள் மானத்தைப் போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டி ஏழு வீட்டுக்கு அனுப்பினார். இரக்கம் வேறு, இளிச்சவாய்த்தனம் வேறு, ஒன்று எந்த இடத்தில் மற்றொன்றாக மாறியது என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை, ஐந்தாவது பையிலா, எட்டாவதிலா.

சமையலறையில் அவர்கள் வீட்டு இன்றைய பை தயாராக இருந்தது. கறிவேப்பிலைக் காம்பு, வெங்காயத் தோல், டிஷ்யூ, சுத்தமான, குற்றம் காண முடியாத பை. முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள், நறுமுகையின் பென்சில் பெட்டியைத் திறந்து கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்தாள். பையை மடியில் கிடத்தி அதன் மேல் தன் பெயரை எழுதினாள், முதலில் தமிழில், செண்பகவல்லி என்று முழுசாக, புள்ளி எல்லாம் அழுத்தி, கீழே இவர்கள் படிக்கும்படி இவர்கள் எழுத்தில், பிறகு வீட்டு எண். கோவில்பட்டியில் அம்மன் பெயர் அது, அங்கே தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், இங்கே அந்தப் பெயரை ஒருவர்கூடச் சொன்னதில்லை, மிசுகுச்சிக்கு மூன்று வருஷமாக அவள் இந்தோ-சான், இந்தியாக்காரம்மா. நூறு கோடிக்கு மேல் ஜனத்தை ஒரு பைக்குள் போட்டுக் கட்டின மாதிரி ஒரு பெயர். எழுதி முடித்துப் பேனாவைக் கோட்டுப் பையில் செருகினாள். பயம்தான், பயம் இல்லை என்று யார் சொன்னது. அலமாரியில் சேலைக்கு அடியில், பதினோராவது பையில் கிடைத்த கடைசி உறை ஒன்று வெட்டாமல் இருந்தது, பெயரோடு. அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள். ஏன் வைக்கிறோம் என்று யோசிக்க இடம் கொடுக்காமல் செருப்பை மாட்டினாள், இந்த முறை கால் படியில் நிற்கவில்லை.

கீழே இறங்கும்போது தேர்தல் வண்டி ஒன்று தெருவுக்குள் ஊர்ந்து வந்தது, கூரையில் ஒலிபெருக்கி, ஜன்னல்களில் வெள்ளைக் கையுறைக் கைகள், வேட்பாளரின் பெயரைப் பத்து முறை சொன்ன பிறகு ஒரு பெண் குரல், நம் ஊர் அமைதியாக இருக்க வெளிநாட்டவரும் விதிகளைக் காக்கும் ஊராக்குவோம் என்று இனிமையாகச் சொன்னது, சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தும் கையசைத்தது. ஓட்டு இல்லாதவளுக்கு எதற்கு இந்தக் கையசைப்பு. அந்த இனிமையான குரலைக் கேட்டதும் நேற்று போனில் அண்ணன் பேசியது ஞாபகம் வந்தது, அவன் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கம்பெனியில் சூப்பர்வைசர், "வடக்கனுங்க வந்ததுல இருந்து நம்ம தெரு நாறுது செம்பா, ஒரு சுத்தம் கிடையாது, ஒரு முறை கிடையாது" என்றான், அவள் ம் என்றாள். ம் மட்டுமா. கல்யாணத்துக்கு முந்தின வருஷம், தெருமுனையில் யாரோ கொட்டிப்போன எச்சில் இலைகளைக் காட்டி நகராட்சிக்காரம்மா, யாரு தாயி போட்டது என்று கேட்டபோது, வாசலில் தலைதுவட்டிக்கொண்டு நின்ற அவள், பார்க்காமலே, கையை நீட்டிப் பீகார்க்காரர்கள் குடியிருந்த வீட்டைக் காட்டினாள். அவ்வளவு சுலபமாக. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அத்தனையையும் அள்ளினாள். எச்சில் இலை, வாழை இலை, அவர்கள் வீட்டில் யார் வாழை இலையில் சாப்பிட்டார்கள். அவள் பெயர் என்ன, செண்பகவல்லி கேட்டதே இல்லை. அப்படியானால் இது அதற்குத் தண்டனையா, அள்ளு, நீயும் அள்ளு என்று யாரோ மேலேயிருந்து கணக்குத் தீர்க்கிறார்களா என்று படிக்கட்டின் கடைசிப் படியில் ஒரு நொடி மனசு தடுக்கியது. கிடையாது. அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது தப்பு, பெரிய தப்பு, அதற்கு அந்தப் பெண்ணிடம்தான் பதில் சொல்ல வேண்டும், மிசுகுச்சியின் டப்பாவைக் கழுவினால் அது தீராது. அந்தப் பெண்ணும் அன்றைக்கு அள்ளியிருக்கக் கூடாது, என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவளுக்கும் சேர்த்துத்தான் இன்றைக்கு என்று நினைத்ததும் கையில் இருந்த பை கொஞ்சம் கனம் குறைந்த மாதிரி இருந்தது.

மிசுகுச்சி மின்கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார், துடைப்பமும் முறமுமாக, சட்டைக் காலர் இஸ்திரி இல்லாமல் சுருண்டு. வணக்கம் சொன்னார், சொன்னாள். அவள் வலையைத் தூக்கித் தன் பையை வைத்தாள், பெயர் தெருவைப் பார்க்கும்படி வைத்தாள், பக்கத்தில் அந்தப் பை, நான்கு நாள் வெயிலில் உள்ளே வேர்த்துப்போய், மின்கம்பத்தைப் பார்த்த பக்கத்தில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளை உறை. தண்ணீர், வாய். குனிந்து பார்த்தால் யாருக்கும் தெரியும், குனிய வேண்டும், அவ்வளவுதான், நான்கு நாளாக யாரும் குனியவில்லை. குப்பை வண்டி வரும் பாட்டுச் சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்டது. இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, ஒரு சிரிப்புச் சிரித்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், ஞாயிற்றுக்கிழமை இசக்கிராஜ் போய் இடுப்பு வளைப்பான், வீடு நிற்கும், பிள்ளை பள்ளிக்கூடம் மாற வேண்டாம், டிசம்பரில் கையெழுத்து. அதன் பிறகு பதின்மூன்றாவது பை, அதன் பிறகு பதினாலாவது. நறுமுகை வளர்வாள், வளர்ந்து, யாரோ போட்டதை எடுக்க ஒரு நாள் தானாகவே குனிவாள், அம்மா எப்போதும் எடுத்தாளே என்று. அந்தக் குனிவை நினைத்ததும் செண்பகவல்லிக்கு முதுகெலும்பு கல்லாக நின்றது. வண்டி வந்தது. இறங்கியவர் அவள் பையை எடுத்தார், பெயரைப் பார்த்தார், ஒரு தரம் அவளைப் பார்த்துத் தலையசைத்து உள்ளே வீசினார், மற்றப் பைகளையும் வீசினார், சிவப்பு ஸ்டிக்கர் போட்டதை நகர்த்தி வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். வண்டி திரும்பிப் போனது.

மிசுகுச்சி முறத்தைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு வலையை நாலாக மடித்தார். பிறகு இரண்டு கைகளாலும், கோயிலில் எதையோ காட்டுகிற பணிவோடு, பையைக் காட்டினார்.

"இந்தோ-சான், சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும். எடுத்துக்கொள்ளுங்கள்."

"அது எங்கள் வீட்டுப் பை இல்லை."

ஜப்பானிய மொழியில் இப்படி நேராகச் சொல்வது கன்னத்தில் அறைவது மாதிரி என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், முன்னால் பின்னால் நாலு மெத்தை வைத்துச் சொல்ல வேண்டுமாம். மெத்தை எதுவும் நாக்குக்கு வரவில்லை. அவர் முறத்தைத் திரும்பக் கையில் எடுத்தார், முகம் மாறவில்லை, காதுகள் மட்டும் சிவந்தன.

"அப்படியானால் யாருடையது?"

கோட்டுப் பைக்குள் அவள் விரல்கள் உறையைத் தொட்டன. எடுத்து நீட்டினால் போதும், ஏழு வீட்டு ஜன்னலிலும் திரைக்குப் பின்னால் ஆள் இருக்கிறது, ஒரு நிமிஷத்தில் பழி வீடு மாறிவிடும், இரண்டு எழுத்து. அந்தச் சீப்பு நினைவுக்கு வந்தது, அதற்கு முந்தி அட்டையில் இருந்த போட்டோ நினைவுக்கு வந்தது, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளின. அவள் கை உறையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த மார்க்கர் பேனாவோடு வெளியே வந்தது.

"எனக்குத் தெரியும். ஆனால் நான் கையை நீட்டிச் சொல்ல மாட்டேன், ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், போதும். இன்றைக்கு என் பையில் என் பெயரை எழுதினேன், நீங்களே பார்த்தீர்கள். இனி எல்லாருமே எழுதலாம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொல்ல நான் வருகிறேன். என் கணவர் இல்லை, நான். என் பெயர் செண்பகவல்லி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பையின் மறுபக்கத்தை ஒரு தடவை பாருங்கள், மிசுகுச்சி-சான். குனிந்துதான் பார்க்க வேண்டும்."

பேனாவை அவர் கையில் இருந்த முறத்தில் வைத்தாள். வணங்கினாள், வழக்கமாக வணங்குகிற அளவில் பாதி. திரும்பி நடந்தாள், ஓடாமல், அறுபது தப்படி, வெறும் கையோடு அந்தப் பாதையில் திரும்பி வருவது எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று கைகளுக்கே தெரியவில்லை, அவை எங்கே போவதென்று தெரியாமல் பக்கவாட்டில் ஆடின. பின்னால் முறம் தரையில் பட்ட சத்தம், ஒரு வயதான முழங்கால் மடங்குகிற சத்தம், பிளாஸ்டிக் சரசரத்துத் திரும்புகிற சத்தம். படிக்கட்டில் முதல் படியில் கால் வைத்தபோது அவர் கூப்பிட்டார்.

"ஷென்... ஷென்பகா..." நின்று, மறுபடி ஆரம்பித்து, "ஷென்பகவாரி-சான்."

திரும்பினாள். மிசுகுச்சி ஒரு கையால் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார், எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி. முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு தாழ்வாகக் குனிந்திருந்தார், மற்றக் கையில் பேனாவை முன்னால் நீட்டியிருந்தார், கடன் வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

"வைத்துக்கொள்ளுங்கள்," என்றாள் செண்பகவல்லி. "இனி உங்களுக்கு வேண்டியிருக்கும்."

மேலே வந்து கதவைச் சாத்தினாள். போனில் இசக்கிராஜின் செய்தி காத்திருந்தது, எடுத்துட்டியா என்று. எடுத்துட்டாங்க, போட்டவங்களே, என்று பதில் போட்டுவிட்டு, டிராயரைத் திறந்து குடும்ப முத்திரையை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.